மாட்டின் பல்லைச் சந்தையில் மட்டும் பார்த்தால் போதுமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டை நாம் அப்படி விடுவதில்லை. மணப்பாறையோ பொள்ளாச்சியோ கருங்கல்பாளையமோ, எந்தச் சந்தைக்குப் போனாலும் முதல் வேலை கீழ் உதட்டை இறக்கிப் பல்லைப் பார்ப்பதுதான். ஆனால், அதே மாடு வீட்டுக்கு வந்து கட்டுத்தறியில் நின்ற பிறகு அதன் வாயை மறுபடியும் யாரும் பார்ப்பதில்லை. தீனி எடுக்கவில்லை என்றால் செரிமானக் கோளாறு என்று நினைத்து இஞ்சி, மிளகு, வெற்றிலை கொடுக்கிறோம். அதற்கும் சரியாகவில்லை என்றால் குடற்புழு மருந்து. கோளாறு வயிற்றில் இல்லாமல் கடைவாயில் இருந்தால் இந்த மருந்துகளால் ஒரு பயனும் இல்லை. அதற்குள் மாடு இளைத்துவிடும், பாலும் குறைந்துவிடும்.

மாட்டு வாய் எப்படி இருக்க வேண்டும்?

மாட்டுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. புதிதாக மாடு வளர்க்க வந்தவர்கள் இதைப் பார்த்துப் பல் விழுந்துவிட்டதாகப் பயப்படுவதுண்டு. அந்த இடத்தில் கெட்டியான ஈறுத் திண்டுதான் இருக்கும். கீழ்த் தாடையில் 8 முன்பற்கள். கடைவாயில் மேலும் கீழும் பக்கத்துக்கு 6 வீதம் 24 பற்கள். ஆக மொத்தம் 32. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இதே கணக்குதான். முன்பற்களைத் தொட்டால் லேசாக அசையும். அது மாட்டுக்கு இயல்பு. பல் ஆடுகிறது என்று மருந்து தேட வேண்டாம். அதேபோல் கன்னத்தின் உட்புறம் கூம்பு கூம்பாக முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் சதையும் இயற்கையாக உள்ளதுதான். தீனி வெளியே சிதறாமல் உள்ளே தள்ளுவதற்காக அமைந்தவை அவை. 'முள் வளர்ந்துவிட்டது' என்று யாராவது அதை வெட்ட வந்தால் விடாதீர்கள்.

மேயும்போது நாக்கால் சுற்றிப் பிடித்த புல்லை அறுப்பதற்குத்தான் முன்பல். அரைக்கும் வேலை முழுவதும் கடைவாய்ப் பற்களுடையது. கட்டுத்தறியில் நறுக்கிய தீவனம் தின்னும் மாட்டுக்கு முன்பல் ஒன்றிரண்டு போனாலும் சமாளித்துவிடும். கடைவாயில் ஒரு பல் கெட்டால் எந்த மாடும் சமாளிக்காது. ஒரு கறவை மாடு தின்னும் நேரம் போக நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் அசைபோடுகிறது. அப்போது 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் ஊறி வயிற்றுக்குள் போகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள சோடா உப்புதான் முதல் வயிற்றில் புளிப்பு ஏறாமல் காக்கிறது. மெல்லும்போது வலித்தால் மாடு அசைபோடுவதைக் குறைத்துக்கொள்ளும். உமிழ்நீர் குறையும், வயிறு புளிக்கும், பாலும் கொழுப்பும் இறங்கும். தீவனம் மாறாமலேயே பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு குறைந்துகொண்டே வந்தால், பார்க்க வேண்டிய இடங்களில் வாயும் ஒன்று.

பல்லைப் பார்த்து வயது சொல்வது

பால் பற்கள் சிறியதாக, வெள்ளையாக, அடியில் ஒடுங்கி இருக்கும். நிலைப்பற்கள் அகலமானவை, லேசான மஞ்சள் நிறம் கொண்டவை. நடுவில் உள்ள ஜோடிதான் முதலில் மாறும். மாடு ஏறக்குறைய 2 வயதில் இரண்டு பல், இரண்டரை முதல் 3 வயதுக்குள் நான்கு பல், 3 முதல் மூன்றரை வயதில் ஆறு பல், 4 முதல் நாலரை வயதில் எட்டு பல். எட்டும் நிறைந்ததைத்தான் கடை சேர்ந்தது என்கிறோம். கலப்பின மாடுகளில் இது சில மாதங்கள் முந்தும், நாட்டு மாடுகளில் பிந்தும். எருமைக்கு முதல் ஜோடி விழுந்து முளைக்கவே இரண்டரை, 3 வயது ஆகும்; கடை சேர 5 முதல் 6 வயது. ஆடுகளில் ஒன்று முதல் ஒன்றரை வயதில் இரண்டு பல், பிறகு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு ஜோடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடை சேர்ந்த பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் வயதை மதிப்பிட வேண்டும். ஏழா, ஒன்பதா என்று அடித்துச் சொல்லும் தரகரை நம்ப வேண்டாம். அந்த அளவுக்குத் துல்லியமாகப் பல் சொல்லாது. 10 வயதுக்கு மேல் பற்கள் குட்டையாகி, இடைவெளி விழுந்து, முளைக்குச்சி போல நிற்கும். மணல் கலந்த தரையில் மேய்ந்த மாட்டுக்கு இந்தத் தேய்மானம் முன்கூட்டியே வந்துவிடும்.

சந்தையில் ஒரு கணக்கு உங்களுக்கு உதவும். நல்ல தீவனத்தில் வளர்ந்த கலப்பினக் கிடாரி இரண்டரை, 3 வயதில் முதல் கன்று ஈனும். அப்போது வாயில் இரண்டு அல்லது நான்கு பல்தான் இருக்கும். 'தலைச்சன் ஈத்து' என்று காட்டும் மாட்டுக்கு எட்டுப் பல்லும் நிறைந்து தேயவும் தொடங்கியிருந்தால், ஒன்று சொல்வது பொய், அல்லது அந்த மாடு சினை பிடிக்காமல் ஆண்டுக்கணக்கில் நின்றது. இரண்டில் எதுவானாலும் விலை அதற்குத் தகுந்ததாகத்தான் இருக்க வேண்டும். கொம்பைச் சீவி வளையங்களை மறைத்துவிட முடியும். பல்லில் அந்த வேலை செல்லாது.

பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீரைக் கவனியுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். மனிதர்களுக்காக அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டு வந்தார்கள். வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் வந்த பிறகும், மாட்டுத் தொட்டியில் விழுவது பெரும்பாலும் பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான்.

இந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் கன்றின் நிலைப்பற்கள் சுண்ணாம்பு போல வெளிறியோ, பழுப்பு அல்லது கறுப்புக் கோடுகளோடோ, குழி விழுந்தோ முளைக்கும். அப்படிப்பட்ட பல் மிருதுவானது, வேகமாகத் தேயும். 5 வயது மாட்டின் வாய் 10 வயது மாட்டின் வாய் போலத் தெரியும். நிலைப்பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது கன்றாகவும் கிடாரியாகவும் இருக்கும்போது குடிக்கும் தண்ணீர்தான் இந்தக் கேட்டைச் செய்கிறது. பற்கள் முழுதாக முளைத்த பிறகு வரும் ஃப்ளோரைடு பல்லில் கறை போடாது. ஆனால் எலும்பைப் பிடிக்கும். மாடு விறைத்து நடக்கும், நொண்டும். ஒருமுறை கெட்ட பல்லை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

உங்கள் ஊர்த் தண்ணீரில் இந்தப் பிரச்சினை உண்டென்றால் இருக்கிற நல்ல தண்ணீரை முதலில் கன்றுக்கும் கிடாரிக்கும் கொடுங்கள். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தாலும் சரி, குழாய்த் தண்ணீரில் நாலு குடம் ஒதுக்கினாலும் சரி. வயதான மாட்டை விட 3 வயது வரையுள்ள உருப்படிக்குத்தான் அது அதிகம் தேவை. தாது உப்பு வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஃப்ளோரைடு நீக்காத பாறைப் பாஸ்பேட் கலந்த மலிவுக் கலவைகளும் இதே கேட்டைச் செய்யும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமான தானுவாஸ் தயாரிக்கும் தாது உப்புக் கலவையையோ ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையோ வாங்குங்கள். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் போதும். பாஸ்பரஸ் குறைந்த மாடுதான் எலும்பையும் மண்ணையும் துணியையும் தேடிப்போய்க் கடிக்கும். அப்படிக் கடித்த எலும்புத் துண்டு கடைவாயில் சிக்கிக்கொள்வதும் உண்டு. தாது உப்பு அதையும் சேர்த்துத் தடுக்கும்.

வாயில் கோளாறு என்று எப்படித் தெரியும்?

பசியோடு தொட்டிக்கு வரும், ஒரு வாய் எடுக்கும், மென்றுகொண்டே இருந்து பாதி மென்றதைக் குதப்பிக் கீழே போடும். தொட்டியடியில் எச்சிலோடு உருண்டை உருண்டையாக வைக்கோல் கிடந்தால் அது மாட்டின் வீம்பு இல்லை, பல் வலி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும். வாயிலிருந்து அழுகல் நாற்றம் வரும். சாணத்தில் நீள நீளமாக நார் தெரியும், சோளமும் மக்காச்சோளமும் முழுசாக வரும். குளிர்ந்த தண்ணீரில் வாய் வைத்ததும் இழுத்துக்கொள்ளும். கன்னத்துக்குள் தீனி அடைத்து ஒரு பக்கம் உப்பலாகத் தெரியும்.

எச்சில் நூலாக வடிந்து, வாயைச் சப்புக்கொட்டி, காய்ச்சலும் குளம்பில் புண்ணும் இருந்தால் அது பல் கோளாறு அல்ல, கோமாரி. உடனே மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டி மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். ஆடுகளில் வாய்ப்புண்ணோடு கழிச்சலும் மூக்குச்சளியும் சேர்ந்து வந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். அதையும் பல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாய்க்குள் கை விடும் முன்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். வெறிநாய் கடித்த மாடு தீனி எடுக்காது, தண்ணீர் விழுங்க முடியாது, எச்சில் வடிக்கும். பார்த்தால் தொண்டையில் ஏதோ சிக்கியது போலவே இருக்கும். என்ன சிக்கியிருக்கிறது பார்ப்போம் என்று வெறும் கையை உள்ளே விடுபவர்தான் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார். கையில் அரிவாள் கீறலும் களை பிடுங்கிய காயமும் இல்லாத விவசாயி ஏது? வெறிநோய்க் கிருமி எச்சிலில்தான் இருக்கிறது. அது கீறல் வழியாக உள்ளே போகும். நோய் வெளிப்பட்ட பிறகு மனிதரைக் காப்பாற்ற வழி இல்லை.

நாய் கடித்தது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். இரவில் பட்டியில் நடந்திருக்கும். கடித்துப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்துத்தான் நோய் காட்டும். எச்சில் ஒழுகும் மாட்டின் குரல் மாறிக் கரகரப்பாகக் கத்தினாலோ, அடிக்கடி முக்கினாலோ, ஆளை முட்ட வந்தாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ வாயைத் தொடவே கூடாது. மாட்டைத் தனியே கட்டி, பாலைக் கறக்காமல் விட்டு, மருத்துவரை வரவழையுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டுவிட்டது என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய்ச் சொல்லுங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். மாட்டைத் தொட்ட, மருந்து ஊற்றிய எல்லோரும் போக வேண்டும்.

அப்படி எந்தச் சந்தேகமும் இல்லாத, அமைதியான மாட்டின் வாயை நீங்கள் பார்க்கலாம். முன்பல்லைப் பார்க்கக் கீழ் உதட்டை இறக்கினால் போதும். கடைவாய்க்கு முதலில் வெளியிலிருந்தே சோதியுங்கள். கன்னத்தின் மேல் விரலை வைத்து மேல் தாடைப் பல் வரிசை நெடுக லேசாக அழுத்திக்கொண்டே போங்கள். கூரான பல் விளிம்பு கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மாடு தலையை வெடுக்கென்று இழுக்கும். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டி, பக்கவாட்டில் நின்று, கையுறை போட்டுக்கொண்டு, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளியில் கையை நுழைத்து நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடியுங்கள். இன்னொருவர் டார்ச் அடிக்கட்டும். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே விரல் போகக்கூடாது. மாடு கடிக்கும் நோக்கத்தில் கடிக்காவிட்டாலும் விரல் நசுங்கிவிடும்.

தாடை வீக்கம் எல்லாம் ஒன்றல்ல

தாடைக்குக் கீழே பை போல மெத்தென்று நீர் கோத்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் அது பல் கோளாறு இல்லை. பெரும்பாலும் குடற்புழுவோ ஈரல் புழுவோ ரத்தத்தை உறிஞ்சியதால் வருவது. ஆடுகளில் அதிகம் பார்க்கலாம். கண்ணின் உள் இமை வெளிறியிருக்கும். சாணத்தைப் பரிசோதித்துப் புழு மருந்து கொடுத்தால் சரியாகும்.

தாடை எலும்பிலேயே கல் போலக் கெட்டியாக, நகராத வீக்கம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். மருத்துவர்கள் இதை 'லம்பி ஜா' என்பார்கள். பெயரைக் கேட்டு அம்மை போல வரும் தோல் கழலை நோய் என்று நினைக்க வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. முள்ளோ கூரான தட்டையோ ஈறில் குத்திய காயம் வழியாகவும், பல் மாறும் வயதில் பல் முளைக்கும் ஈறு வழியாகவும் கிருமி எலும்புக்குள் போகிறது. எலும்பு தேன்கூடு போலப் பொத்தலாகும், பற்கள் ஆடும், பிறகு உடைந்து மஞ்சள் குருணையோடு சீழ் வரும். எலுமிச்சங்காய் அளவில் இருக்கும்போதே காட்டினால் அயோடின் மருந்தும் எதிருயிர் ஊசியும் போட்டு அங்கேயே நிறுத்திவிடலாம். வளர்ந்த எலும்பு திரும்பச் சுருங்காது. சூடு போட்டால் எலும்புக்குள் இருக்கும் கிருமி சாகாது. மாட்டுக்குத் தீக்காயம்தான் மிச்சம். மாடு சினையாக இருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மருந்தை அதற்கேற்பத்தான் தேர்ந்தெடுப்பார்.

நாக்கே மரக்கட்டை போல விறைத்து வெளியே தொங்குவது வேறொரு கிருமியால் வரும் நோய். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகும்.

வறண்ட மாவட்டத்துக்காரர்கள் சீமைக்கருவேலங்காயைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் அது நல்ல தீவனம்தான், இனிப்பாக இருப்பதால் மாடும் ஆடும் விரும்பித் தின்னும். ஆனால் வேறு தீனி இல்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்றால் தாடையை அசைக்கும் நரம்பு கெட்டு, தாடைச் சதை வற்றி, தீனி வாயிலிருந்து நழுவ ஆரம்பிக்கும். பிரேசில் நாட்டின் வறண்ட பகுதிகளில் இந்த நோய் நன்றாகத் தெரிந்த ஒன்று. முற்றிவிட்டால் திரும்பாது. காயைத் தட்டையோடும் புல்லோடும் சேர்த்துச் சிறு பங்காக மட்டும் கொடுங்கள்.

தோட்டத்து நாயின் வாய்

ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ சாதாரண நாட்டு நாயோ, எதுவானாலும் 42 பற்கள். குட்டியின் 28 பால் பற்கள் 4 முதல் 7 மாதத்துக்குள் விழுந்து மாறும். அப்போது செருப்பைக் கடிப்பது பல் முளைக்கும் அரிப்பால்தான்.

குழைந்த சோறும் மிச்சக் குழம்பும் மட்டும் தின்னும் நாய்க்குக் கடைவாயில் மஞ்சள் காரை படியும். அது கல்லாக இறுகி ஈறைத் தள்ளி, ரத்தம் கசிந்து, பல் ஆடும். வாய் நாற்றம் நாய்க்கு இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். குட்டியிலிருந்தே வாரம் சில முறை ஈரத் துணியை விரலில் சுற்றிப் பல்லைத் துடைத்துப் பழக்கினால் காரை பெரும்பாலும் கட்டாது. நம் பற்பசையைப் போடக்கூடாது, நாய் துப்பாது, விழுங்கிவிடும். இறுகிய காரையை மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

கண்ணுக்குக் கீழே வீங்கி உடைந்து சீழ் வந்து, ஆறி, மறுபடியும் உடைகிற புண்ணைக் கண் புண் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து தடவுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் மேல் கடைவாயின் பெரிய பல் உடைந்து வேரில் சீழ் வைத்தது. பல்லைப் பிடுங்கினால்தான் புண் ஆறும். கல்லைக் கடிப்பது, சங்கிலியைக் கடிப்பது, பெரிய கால் எலும்பு ஆகியவைதான் அந்தப் பல்லை உடைக்கின்றன. வேகவைத்த கோழி எலும்பு இன்னும் மோசம். ஊசி போலச் சிதறித் தொண்டையில் குத்தும்.

மேல் வாயில் குறுக்காக எலும்பு சிக்கிய நாய் முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். வெறிநோயின் ஊமை வகையிலோ கீழ்த் தாடை தொங்கி, வாய் மூட முடியாமல் எச்சில் வடியும். வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அதனால் தடுப்பூசி போடாத நாயின் வாய்க்குள் நீங்கள் கை விட வேண்டாம். குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும்.

வயதான மாட்டுக்கும் வழி உண்டு

கூரான கடைவாய்ப் பல்லை மருத்துவர் அரத்தால் ராவிச் சமப்படுத்துவார். சிக்கிய துண்டை எடுப்பார், ஆடும் பல்லை மரத்துப்போகும் ஊசி போட்டுப் பிடுங்குவார். இவற்றை வீட்டில் கொறடு வைத்து முயல வேண்டாம். தேய்ந்து தீர்ந்த பல்லுக்கு மட்டும் மருந்தில்லை. கறவையும் சினையும் நன்றாக இருக்கும் மாடு என்றால் தீவனத்தை மாற்றி இரண்டு மூன்று ஈத்து ஓட்டலாம். பசுந்தீவனத்தையும் சோளத்தட்டையையும் ஓரிரு அங்குலத்துக்கு நறுக்கிப் போடுங்கள். முற்றிய தட்டையைக் குறைத்து இளம் கோ-4, வேலிமசால், அகத்தி சேருங்கள். தானியத்தை முழுசாக வைக்காமல் அரைத்து, புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுங்கள். இளம் மாடுகள் தள்ளிவிடாதபடி தனித் தொட்டி வையுங்கள். ஆடுகளில், முன்பல் பாதிக்கு மேல் விழுந்த தாய் ஆடு மேய்ச்சலில் வயிறு நிரப்ப முடியாது. அடுத்த சினைக்கு விடும் முன்பே தழை கட்டி வளர்ப்பதா, கழிப்பதா என்று முடிவு செய்துகொள்வது நல்லது. குட்டி போட்ட பிறகு தாயும் இளைத்துக் குட்டியும் பால் இல்லாமல் நிற்கும்.

மருத்துவமனை தூரம் என்றால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைக்கலாம். எத்தனை நாளாகத் தீனி எடுக்கவில்லை, மென்றதைக் கீழே போடுகிறதா, எச்சில் வடிகிறதா, மாடு எத்தனை மாதச் சினை என்று சொல்லுங்கள். ஊரில் சமீபத்தில் நாய்க்கடி ஏதாவது நடந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.